ஏலமலையில் ஞானோபதேசம்

கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் ஏலமலைக்கு ஏறிவந்த நம் முன்னோர், அரிசியையும் கம்பளியையும் கட்டிய மூட்டையிலேயே தத்தம் வழிபாட்டையும் கட்டிக்கொண்டு வந்தனர். மாரியம்மனை வணங்கியவர் மாரியம்மனோடு வந்தார். முருகனை வணங்கியவர் முருகனோடு வந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தார் ஒரு செபமாலையோடும், ஓரம் தேய்ந்த ஒரு செபப் புத்தகத்தோடும் வந்து சேர்ந்தனர். உடும்பஞ்சோலை வட்டத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் அத்தகைய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அந்தப் பழைய புத்தகம் ஆற்றிய பணியை இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி ஆற்ற இயலுமா என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட பொருள். கத்தோலிக்கரல்லாத அன்பர்களும் இதைத் தம் வீட்டுப் பேச்சாகவே கொள்ளலாம். தம் சமயத்தைத் தம் மொழியில் பிள்ளைக்குச் சொல்லித்தர விரும்பும் வீடு எதுவாயினும், அங்கே இதே வினா நிற்கிறது.

என் தாயார் எழுபத்தைந்தைக் கடந்தவர். ஏட்டுக் கல்வி இல்லாதவர். எனினும் பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகிய அனைத்தும் அவருக்கு மனப்பாடம். கேள்வியும் விடையுமாக அமைந்த ஞானோபதேசப் பாடங்களைப் பாதி உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையின்றிச் சொல்லுவார். இவற்றையெல்லாம் அவர் கோயிலில் கற்றவரல்லர். அவர் சிறுமியாயிருந்த நாளில் கோயிற் பீடத்தில் ஒலித்தது இலத்தீன். குருவானவர் இலத்தீனில் பூசை நிகழ்த்த, மக்கள் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து ஊர்ச் சீரோ மலபார் கோயில்களிலும் நிலைமை பெரிதும் வேறாக இல்லை. அங்கே 1962ஆம் ஆண்டு வரை சிரியாக்கு மொழியே பீடத்து மொழி. உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டை வெளியிட்ட பின்னரே, மக்கள் மொழிகள் இலத்தீன் வழிபாட்டில் விரிவாக இடம்பெறத் தொடங்கின.

பீடத்து மொழி விளங்காத அந்நாளில் விசுவாசம் எவ்வாறு பிழைத்தது? வீடு அதைத் தமிழில் கற்பித்தது, ஆதலின் பிழைத்தது. மாலையில் விளக்கேற்றியதும் பாய் விரித்து அமர்ந்து, பாட்டி சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லிய வழக்கமே நம்மவரின் குருமடமாகவும் கலாசாலையாகவும் இருந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் மலையாளப் பள்ளியில் பயில்கின்றனர். ஞாயிறு வேதபாடம் பல கோயில்களில் மலையாளத்திலேயே நடக்கிறது. எங்கள் கோயிலில் தமிழ்த் திருப்பலி மாதத்துக்கு ஒரு முறையே. மலையாளத்தை நான் குறை கூற வரவில்லை. அது நமக்குச் சோறிட்ட மண்ணின் மொழி. நம் பிள்ளைகளின் பிழைப்புக்கு இன்றியமையாத மொழி. ஆயினும் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை உள்ளவாறு சொல்லுகிறேன். ஒன்பது வயதான என் மகள் புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். மாலைச் செபத்தில் அவளுடைய அப்பத்தா தமிழில் தொடங்குவார். மகளோ மலையாளத்தில் தொடர முயன்று, இடையிலே நின்றுவிடுவாள். "பள்ளிக்குப் போனாயா?" என்று அப்பத்தா கேட்டால், மலையாளத்தில் பள்ளி என்பது கோயிலைக் குறிப்பதால், "ஞாயிற்றுக்கிழமைதானே போகவேண்டும்?" என்று குழந்தை விழிப்பாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் சிரிப்புக்குப் பின்னே ஓர் அச்சம் இருந்தது. இறைவனுக்கு எல்லா மொழிகளும் விளங்கும். அப்பத்தாவுக்கும் பேத்திக்கும் இடையே ஒரு மொழி வேண்டுமன்றோ? குழந்தைக்கு ஓர் ஐயம் தோன்றினால், அதை வீட்டில் மூத்தவரிடம் கேட்பதற்கே சொல் இல்லாமற் போவது சிறிய இழப்பன்று.

இந்நிலையில்தான் நான் இணையத்தின் பக்கம் திரும்பினேன். அங்கே தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணிற்பட்டது, 440 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறு நூல்.

1542ஆம் ஆண்டு பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மொழியறிந்தவர்களின் துணையால் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, கையிலே மணியடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அவருக்குப்பின் வந்த அன்ரிக்கே அன்ரீக்கசு அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்று, ஞானோபதேசச் சுருக்கத்தைத் தமிழில் ஆக்கினார். அது தம்பிரான் வணக்கம் என்னும் பெயரால் 16 பக்க நூலாக, 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழியொன்றில், அம்மொழியின் எழுத்தாலேயே, இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. நண்பர்களே, இடத்தைக் கவனியுங்கள். தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் பிறந்தது மதுரையிலுமன்று, சென்னையிலுமன்று. இன்றைய கேரளத்துக் கொல்லத்தில்! அதன் படி இன்று அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகிறது. கடல்கடந்து கிடக்கும் அந்நூலின் பக்கங்களை என் மகள் எங்கள் லயத்துத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் பார்த்தாள். "கேரளத்தில் தமிழ்ப் புத்தகமா?" என்று வியந்து கேட்டாள். தமிழ் இம்மாநிலத்தில் நேற்று வந்த விருந்தாளியன்று என்பதை நான் விரிவுரையாற்ற வேண்டிய தேவை அதன்பின் இருக்கவில்லை.

இணையத்தில் கத்தோலிக்க மறையைக் கற்க விழைவோர்க்கு இன்று கிடைப்பவை பல. அவற்றுள் நாங்கள் பயன்படுத்திய சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

வத்திக்கானின் சொந்த இணையத்தளம் 1995ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவன்று தொடங்கப்பெற்றது. அதனை இயக்கிய கணினிகளுக்கு இரபேல், மிக்கேல், கபிரியேல் என்னும் அதிதூதர் மூவரின் பெயர்களையும் இட்டிருந்தனர் என்பது சுவையான செய்தி. திருத்தந்தையரின் மடல்களும் சங்கத்தின் ஏடுகளும் அங்கே பல மொழிகளில் உள்ளன. 1992ஆம் ஆண்டு இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலையும், 2865 எண்களாகப் பகுக்கப்பட்ட நிலையில், ஆங்கிலத்தில் அங்கே படிக்கலாம். எண்ணைச் சொன்னால் எவரும் அதே பத்தியை எடுத்துப் பார்க்கலாமாதலின், வாக்குவாதத்தின்போது இது மிகவும் உதவும். வத்திக்கான் செய்திப் பிரிவுக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு. திருத்தந்தையின் உரைகளின் சாரத்தை அங்கே நம் மொழியிலேயே படிக்கவும் கேட்கவும் இயலும். மணிலாவிலிருந்து சிற்றலையில் ஒலித்த வேரித்தாஸ் வானொலியை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். அது 2018ஆம் ஆண்டு சிற்றலையை விட்டு இணையத்துக்கு மாறியது.

திண்டிவனத்திலிருந்து 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு, தமிழ் விக்கிமூலத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. வீரமாமுனிவர் புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் இயற்றிய தேம்பாவணியை மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிடையே காணலாம். இவற்றைப் படிக்கத் தமிழெழுத்துத் தெரியவேண்டுமே என்பீர்கள். அதற்கும் வழியுண்டு. வெளிநாடுகளிலும் வெளிமாநிலங்களிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளை எண்ணித் தமிழ்நாட்டரசு நிறுவிய தமிழ் இணையக் கல்விக்கழகம், எழுத்திலிருந்தே தொடங்கும் பாடங்களை வைத்திருக்கிறது.

இவ்வளவும் கிடைத்தபின் எங்களுக்கு ஓர் எதிர்பாராத இடர்ப்பாடு நேர்ந்தது. இணையத்துத் தமிழ் அப்பத்தாவின் தமிழாக இல்லை! அவர் சர்வேசுரன் என்பார். இணையம் கடவுள் என்கிறது. அவர் ஞானஸ்நானம் என்பது அங்கே திருமுழுக்கு; அவர் பூசை என்பது திருப்பலி. இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும், அருளப்பர் யோவானாகவும், சூசையப்பர் யோசேப்பாகவும் மாறியிருக்கின்றனர். "என் இராயப்பரை எங்கே கொண்டுபோனீர்கள்?" என்று தாயார் கேட்டார். கேலியாகக் கேட்டாரெனினும், கண்ணில் வருத்தம் தெரிந்தது.

இதற்கு நாங்கள் கண்ட மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் மூன்று பத்தி கோடிட்டோம். முதற்பத்தியில் அப்பத்தாவின் சொல். இரண்டாவதில் இன்றைய திருவிவிலியத்தின் சொல். மூன்றாவதில் மலையாளச் சொல். இராயப்பர், பேதுரு, பத்ரோஸ். ஞானஸ்நானம், திருமுழுக்கு, மாமோதீசா. பூசை, திருப்பலி, குர்பான. ஞானோபதேசம், மறைக்கல்வி, வேதபாடம். அப்பத்தா சொல்லுவார், நான் கைப்பேசியில் தேடுவேன், மகள் எழுதுவாள். முதற்பத்தியை எழுதுவதற்காகவே அவள் தமிழெழுத்தைக் கற்றாள். நோட்டுப் பாதி நிறைவதற்குள் மும்மொழிக்கும் நடுவே அவள் பாலமாகிவிட்டாள். புதுநன்மைக்கு முந்திய வாரம் மாலைச் செபத்தை அவளே தமிழில் தொடங்கினாள், அப்பத்தா பின்தொடர்ந்தார். அறிவைத் தந்தது கருவி. அதை உறவாக்கியது அந்த நோட்டு.

நம் மலைக்கே உரிய வேறொரு பயனையும் குறிப்பிட வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரை ஆகிய மூன்று வழிபாட்டு முறைகளைச் சேர்ந்த கோயில்களும் உள்ளன. "பக்கத்துக் கோயிலில் பூசையின் நடுப்பகுதியில் சாமியார் நம்மைப் பாராமல் பீடத்தைப் பார்த்து நிற்கிறாரே, அவர்கள் வேறு மதமா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். இக்கேள்விக்கு ஊகத்தால் விடையளிப்பது தீங்கு. இலத்தீன் திருச்சபையும் கீழைத் திருச்சபைகள் 23ம் சேர்ந்தே கத்தோலிக்கத் திருச்சபை என்பதையும், அவை அனைத்தும் சம மாண்புடையன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில் உறுதி கூறியிருப்பதையும் மூல ஏட்டிலிருந்தே எடுத்துக் காட்டினேன். விசுவாசம் ஒன்று, வழிபாட்டு முறை பல என்பது அவளுக்கு விளங்கிற்று. அயலாரோடு நல்லுறவு பேணவேண்டிய நமக்கு இத்தகைய தெளிவு மிகவும் தேவையானது.

வரலாற்றுக்கும் இவ்வாறே. நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அலுவலராயிருந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றை மகளுக்கு இணையத்திலிருந்தே கூறினேன். அவருக்கு 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட காட்சியையும் வீட்டார் அனைவரும் பார்த்தோம். நம் சாயலும் நம் பேச்சும் உடைய ஒருவர் புனிதர் வரிசையில் இருக்கிறார் என்பது, தோட்டத்துப் பிள்ளைக்கு நூறு உபதேசங்களைவிட மேலான ஊக்கம்.

இனி எச்சரிக்கை ஒன்று. பழைய செபப் புத்தகங்களின் முதற்பக்கத்தில் ஆயரின் அனுமதி அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாத புத்தகத்தை வீட்டுப் பெரியோர் ஏற்கமாட்டார்கள். வாட்சப்பில் வந்துவிழும் செய்திகளுக்கோ முதற்பக்கமே கிடையாது. இச்செபத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிடில் கேடு நேரும் என்று மிரட்டும் செய்தி, மூன்று நாள் உலகம் இருளும் என்னும் முன்னறிவிப்பு, காணிக்கை அனுப்பினால் நோய் தீரும் என்னும் வாக்குறுதி ஆகியவை நம் லயங்களில் நாள்தோறும் உலவுகின்றன. பாத்திமா அன்னையின் மூன்றாம் இரகசியத்தை வத்திக்கான் இன்றும் மறைத்து வைத்திருக்கிறது என்று கூறும் ஒரு படத்தை என் தாயாருக்கு எவரோ காட்ட, அவர் இருநாள் உறங்கவில்லை. அவ்விரகசியத்தின் மூலத்தை வத்திக்கான் 2000ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாளே வெளியிட்டுவிட்டது. அது இன்றும் அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கிறது. அதை எடுத்துப் பொருள் கூறியபின்தான் அவர் மனம் அமைதியுற்றது. மெய்ப்பொருள் காண்பதறிவு என்று வள்ளுவர் வழிவந்த நாம், யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்த மூலத்தில் உள்ளது என்னும் மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு செய்தியிடமும் கேட்டுப் பழகவேண்டும். விடை கூறாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்பதும் ஓர் அறமே.

கருவியின் எல்லையையும் உணர்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டு கொள்ளைநோயின்போது எல்லைச் சாவடிகள் அடைக்கப்பட்டன; கோயில்களும் பூட்டப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வந்த உயிர்த்தெழுந்த திருநாளன்று, ஒரு கைப்பேசியைப் பலகைமேல் சாய்த்து வைத்து, ஆறு பேர் சூழ அமர்ந்து பூசை கண்டோம். ஆறுதலாகவே இருந்தது. பூசை முடிந்ததும் தாயார், "எல்லாம் பார்த்தேன், நன்மை வாங்கவில்லையே" என்றார். எழுத்தறியாத அவர் சொன்னதையே, திருப்பீடத்தின் சமூகத் தொடர்பு அவை 2002ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் வெளியிட்ட திருச்சபையும் இணையமும் என்னும் ஏடும் கூறுகிறது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை. அது மக்களைத் திரையிலிருந்து மெய்யான சமூகத்துக்கு அழைத்துவர வேண்டும் என்பதே அதன் கருத்து. நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தளம் அமைத்த இத்தாலியச் சிறுவன் கார்லோ அக்குத்திஸ், 2006ஆம் ஆண்டு தம் பதினைந்தாம் வயதில் இறந்தார்; 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். கணினியில் வல்ல அச்சிறுவனும் நாள்தோறும் பூசைக்குச் சென்றான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இது. ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். நம் மலையில் கைப்பேசிக்கு எல்லா இடத்திலும் அலைவரிசை எட்டுவதில்லை. எட்டும் இடத்தில் நிற்கும்போதே வேண்டிய பக்கங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். அன்றைய நற்செய்தியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், அருகில் அமருங்கள். தமிழெழுத்து ஒன்றிரண்டையேனும் ஒவ்வொரு வாரமும் எழுதச் செய்யுங்கள்.

யாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியோரைப் பேசச் செய்யுங்கள். வத்திக்கானின் ஏடு அடுத்த ஆண்டும் இணையத்தில் இருக்கும். கொல்லத்து நூலின் பக்கங்களும் இருக்கும். தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் மலையேறி வந்த மூதாட்டி ஒருவரின் மனத்திலுள்ள செபமும், அவர் அதைச் சொல்லும் ஓசையும் எந்தத் தளத்திலும் இல்லை. அவற்றை எழுதிக்கொள்ளவும் ஒலிப்பதிவு செய்துகொள்ளவும் அதே கைப்பேசி போதும். அவர்கள் நம்மிடையே இருக்கும் இந்நாளிலேயே அதைச் செய்துவிடுவோமாக.